பக்கம் 41-இன் நடுக்கோடு: மதுரையில் எட்டு வார உலக வரலாற்று வகுப்பு

சிம்மக்கல்லில், கீழ்த்தளத்தில் ஜெராக்ஸ் கடையும் அதற்கு மேல் இரண்டு மாடிகளில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையமுமாக உள்ள ஒரு கட்டடத்தில், ஞாயிற்றுக்கிழமைதோறும் நடக்கும் உலக வரலாற்று வகுப்பில் எட்டு வாரம் உட்கார்ந்து படித்துவிட்டு இதை எழுதுகிறேன். நான் தேர்வு எழுதும் வயதைத் தாண்டியவள். மேலூர்ப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று முதுகலை ஆசிரியையாக இருக்கிறேன். என்னிடம் படித்துப் போன பிள்ளைகள் குரூப் 1, குடிமைப் பணி என்று தயாராகும்போது தொலைபேசியில் என்னிடம் கேட்கும் சந்தேகங்களில் ஆப்பிரிக்கா அடிக்கடி வந்துகொண்டிருந்தது. கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு முன் படித்ததை வைத்துக்கொண்டு பதில் சொல்வது நியாயமாகப் படவில்லை. குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் பொது அறிவு முதல் தாளில் காலனியாதிக்கமும் அதன் முடிவும் பாடத்திட்டத்திலேயே பெயர் சொல்லி வைக்கப்பட்டிருக்கின்றன என்றாலும், அதைத் தமிழ்வழியில் முறையாகச் சொல்லிக்கொடுக்கும் இடங்கள் மதுரையில் மிகக் குறைவு.

மையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. குறை சொல்ல வேண்டிய இடங்கள் உண்டு. அவற்றை நிர்வாகத்திடமும் ஆசிரியரிடமும் நேரிலேயே சொல்லியாயிற்று. கட்டணம் 3,200 ரூபாய், குறிப்பேடும் நான்கு மாதிரித் தேர்வுகளும் அதற்குள் அடக்கம். காலை பத்து மணிக்குத் தொடங்கி ஒன்றரை வரை வகுப்பு, நடுவே ஒரு தேநீர். எட்டு வாரத்தில் மூன்று வாரம் முழுவதும் ஆப்பிரிக்காவுக்கு ஒதுக்கியிருந்தார்கள். நான் பேசப்போவது பெரும்பாலும் அந்த மூன்று வாரத்தைப் பற்றித்தான். தொழிற்புரட்சியும் உலகப் போர்களும் எல்லா இடத்திலும் நடப்பதைப் போலவே நடந்தன.

முதலில் குறிப்பேடு. ஸ்பைரல் பைண்டிங் செய்த 148 பக்கங்கள், எழுத்து தெளிவு, தமிழ் நடை பரவாயில்லை. மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டு எடுத்தது போன்ற வாக்கியங்கள் இல்லை என்பதே இந்தக் காலத்தில் ஒரு சிறப்பு. வரைபடங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. 1914ஆம் ஆண்டின் ஆப்பிரிக்காவை எந்த நாடு எந்தப் பகுதியை ஆண்டது என்று காட்டும் படம் மூலத்தில் வண்ணத்தில் இருந்திருக்க வேண்டும். கீழ்க்கடையில் கறுப்பு வெள்ளையில் அடித்ததில் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம், போர்ச்சுகல் எல்லாமே ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன. எத்தியோப்பியாவும் லைபீரியாவும் மட்டும் வெள்ளையாகத் தெரிகின்றன. அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது ஏறக்குறைய அப்படித்தான் தெரிந்திருக்கும் என்று பக்கத்தில் இருந்த பையன் சொன்னான். தேர்வு எழுதப் போகிறவனுக்கு அந்தச் சமாதானம் உதவாது. நான் வண்ணப் பென்சிலை எடுத்துக்கொண்டு போய்த் தீட்டிக்கொண்டேன்.

குறிப்பேட்டின் உண்மையான சிக்கல் 41ஆம் பக்கத்தில் இருக்கிறது. பக்கத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு; இடப்பக்கம் ‘காலனி ஆட்சிக்கான நியாயங்கள்’, வலப்பக்கம் ‘காலனி ஆட்சி மீதான விமர்சனங்கள்’; இரண்டு பக்கமும் சரியாக ஏழேழு புள்ளிகள். இடப்பக்கத்தில் நாகரிகப்படுத்துதல், கிறித்தவம், அடிமை ஒழிப்பு, ரயில்பாதை, மருத்துவம், கல்வி, சட்டம் ஒழுங்கு. வலப்பக்கத்தில் நிலப்பறிப்பு, கட்டாய உழைப்பு, வளச் சுரண்டல், இனப்பாகுபாடு, படுகொலைகள், செயற்கை எல்லைகள், பண்பாட்டுச் சிதைவு. மனப்பாடம் செய்ய வசதியான பக்கம் என்பதால் வகுப்பில் எல்லோரும் அதைத்தான் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார்கள்.

இந்த அட்டவணையில் மூன்று வேறு வேறு சங்கதிகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. ஆட்சியைப் பிடிக்கும்போது ஐரோப்பியர் சொன்ன காரணம் ஒன்று. பிடித்த பிறகு நடந்தது இன்னொன்று. நடந்ததைப் பற்றி அக்காலத்தவரும் பிற்காலத்தவரும் சொன்ன தீர்ப்பு மூன்றாவது. நாகரிகப்படுத்துவது என்பது சொன்ன காரணம். ரயில்பாதை நடந்த செயல். இரண்டையும் ‘நியாயம்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் அடுக்கினால், சொன்ன காரணத்துக்கு நடந்த செயல் சாட்சியாக நிற்பதுபோல் ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. வலப்பக்கத்திலும் அப்படியே: படுகொலை விமர்சனம் ஆகாது, அது நிகழ்வு. 1904 அக்டோபர் 2ஆம் நாள் ஜெர்மன் தளபதி ஃபான் டிரோத்தா, இன்றைய நமீபியாவில் ஹெரெரோ மக்களை ஆயுதம் உள்ளவர் இல்லாதவர் என்ற பேதமின்றிச் சுடும்படி எழுத்தில் ஆணை பிறப்பித்ததை, ரயில்பாதைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு புள்ளியாக வைத்துக் கூட்டிக் கழிப்பது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்குப் புரியவில்லை.

தகவல் பிழைகளும் உண்டு. பெர்லின் மாநாட்டில் ஆப்பிரிக்காவை அளவுகோல் வைத்துப் பங்கு போட்டார்கள் என்கிறது குறிப்பேடு. 1884 நவம்பர் முதல் 1885 பிப்ரவரி வரை பதினான்கு நாடுகள் கூடிய அந்த மாநாட்டில் ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை என்பது உண்மை. ஆனால் அங்கே செய்யப்பட்டது பெரும்பாலும் விதி வகுத்தல். காங்கோ, நைஜர் ஆறுகளில் எல்லா நாட்டுக் கப்பல்களும் போகலாம், கடற்கரையில் உரிமை கோருகிறவர் அங்கே உண்மையான அதிகாரத்தை நிலைநாட்டியிருக்க வேண்டும் என்பன போன்ற விதிகள். எல்லைக்கோடுகளில் பெரும்பகுதி அதற்குப் பின் இரண்டிரண்டு நாடுகளாக உட்கார்ந்து போட்ட ஒப்பந்தங்களில் வந்தவை. இது தேர்வில் கேட்கக்கூடிய நுணுக்கம். இன்னொன்று, ‘வெள்ளையரின் சுமை’ என்ற தொடரை ஆப்பிரிக்காவுக்காக எழுந்தது என்று போட்டிருக்கிறார்கள். அது ஆங்கிலக் கவிஞர் கிப்ளிங்கின் கவிதைத் தலைப்பு. 1899இல் வந்த அந்தக் கவிதை, அமெரிக்கா பிலிப்பைன்ஸைக் கையில் எடுத்ததை ஒட்டி எழுதப்பட்டது. ஆப்பிரிக்காவுக்கும் அதை இழுத்துப் பேசியது பிறகு நடந்தது.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, பணம் வீண் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். குறிப்பேட்டை எழுதியவர் வேறு ஆள். வகுப்பு எடுத்த ஆசிரியர் வேறு. நாற்பது வயதுக்குள் இருப்பார், குரலை உயர்த்தாமல் பேசுவார், குறிப்பேட்டைத் திறக்கவே மாட்டார். இரண்டாம் வாரம் காங்கோவை அவர் நடத்திய விதத்துக்காகவே 3,200 ரூபாயைக் கொடுக்கலாம்.

பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்டு, ஆய்வுக்கும் அடிமை வணிக ஒழிப்புக்கும் என்று சங்கங்களை ஏற்படுத்தி, அந்தப் பெயரில் தம் சொந்த நாட்டைப்போல் எழுபது மடங்குக்கும் மேல் பெரிய நிலப்பரப்பை 1885இல் தம் தனிச் சொத்தாக ஆக்கிக்கொண்ட கதையை அவர் ஐந்தே நிமிடத்தில் முடித்தார். பிறகு பலகையில் ஒரு துறைமுகத்தை வரைந்து, ஆண்ட்வெர்ப் என்று எழுதினார். லிவர்பூல் கப்பல் நிறுவனம் ஒன்றில் எழுத்தராக இருந்த எட்மண்ட் மொரேல், காங்கோவிலிருந்து வரும் கப்பல்களின் கணக்கைப் பார்க்க அந்தத் துறைமுகத்துக்குப் போய்வந்தவர். “வர்ற கப்பல்ல என்ன இருந்துச்சு?” என்று கேட்டு, ரப்பர், தந்தம் என்று எழுதினார். “போற கப்பல்ல?” வகுப்பு துணி, உப்பு, பாத்திரம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னது. ஆசிரியர் தலையை ஆட்டிவிட்டு, துப்பாக்கி, தோட்டா என்று எழுதினார். வாணிகம் என்றால் வந்த சரக்குக்கு ஈடாக ஏதாவது போக வேண்டும். அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கூலி போகவில்லை, அவர்களைச் சுடுவதற்கான பொருள் மட்டும்தான் போகிறது என்பதை, காங்கோ மண்ணை மிதிக்காமலேயே ஒரு எழுத்தர் கப்பல் பட்டியலிலிருந்து கண்டுபிடித்தார். மேலூர்ச் சந்தையில் நெல் மூட்டைக்குச் சிட்டை போடுகிற குடும்பத்திலிருந்து வந்த எனக்கு, அந்தச் சரக்குப் பட்டியல் எந்தப் புகைப்படத்தையும் விட அழுத்தமாகப் பதிந்தது.

அதன் பிறகுதான் புகைப்படத்துக்கு வந்தார்: விதித்த அளவு ரப்பரைக் கொடுக்கத் தவறிய ஊரில், வெட்டப்பட்ட தம் சிறு மகளின் கையையும் பாதத்தையும் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் ந்சாலா என்ற தகப்பனை, ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற ஆங்கில மிஷனரிப் பெண் 1904இல் எடுத்த படம். அதே ஆண்டு பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மண்டின் அறிக்கை வெளிவந்தது. 1908இல் லியோபோல்டிடமிருந்து பெல்ஜிய அரசு காங்கோவை எடுத்துக்கொண்டது. இதற்கெல்லாம் பதினான்கு ஆண்டுகள் முன்பே, 1890இல், ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின வரலாற்றாசிரியர் காங்கோவை நேரில் பார்த்துவிட்டு லியோபோல்டுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியிருந்தார் என்பதையும் ஆசிரியர் விடாமல் சொன்னார். குறிப்பேட்டின் வலப்பக்கத்தைப் படித்தால், விமர்சனம் என்பது 1960க்குப் பிறகு விடுதலையடைந்த நாடுகள் பின்னோக்கிப் பார்த்துச் சொன்னது போலத் தோன்றும். ஆட்சி நடந்தபோதே, அந்த ஆட்சிக்குள்ளிருந்தே விமர்சனம் இருந்தது. 1885 ஜூலையில் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் ஜூல் ஃபெரி, உயர்ந்த இனங்களுக்குத் தாழ்ந்த இனங்களை நாகரிகப்படுத்தும் கடமை உண்டு என்று பேசினார்; சில நாள்களுக்குள் அதே மன்றத்தின் உறுப்பினர் கிளெமான்சோ எழுந்து, 1870 போரில் தோற்ற பிரெஞ்சுக்காரர் ஜெர்மானியரைவிடத் தாழ்ந்த இனம் என்று ஜெர்மன் அறிஞர்கள் விஞ்ஞானப்பூர்வமாக நிறுவியதைக் கேட்ட நாள் முதல், எந்த மனிதனையும் தாழ்ந்தவன் என்று சொல்லும் முன் இரண்டு முறை யோசிக்கிறேன் என்ற பொருளில் பதில் கொடுத்தார். ‘அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்’ என்ற சாக்கு அன்றைக்கே அடிபட்டுப் போனது.

அடிமை ஒழிப்பு என்ற நியாயத்தை அவர் எளிதாகத் தள்ளிவிடவில்லை, அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் சான்சிபாரை மையமாகக் கொண்ட அடிமை வணிகம் கற்பனை இல்லை. அங்கே பயணம் செய்த மிஷனரி லிவிங்ஸ்டன் கண்ணால் கண்டு எழுதியதும் பொய் இல்லை. 1889-90 பிரஸ்ஸல்ஸ் மாநாடு அதை ஒழிக்கவென்றே கூடியது. காலனி அரசுகள் கடைசியில் அடிமை வணிகத்தை நிறுத்தின என்பதை மறுக்க முடியாது என்றார். ஆனால் நிறுத்திய வேகத்தைப் பாருங்கள் என்று அடுத்த அடி எடுத்து வைத்தார்: வட நைஜீரியாவில் உள்ளூர் அமீர்களின் துணையோடு ஆண்ட பிரிட்டிஷ் நிர்வாகம், அடிமை நிலையைச் சட்டப்படி முற்றாக நீக்க 1936 வரை எடுத்துக்கொண்டது. அடிமை என்ற பெயர் போன இடத்தில் கட்டாய உழைப்பு வந்தது. பிரெஞ்சுக் காலனிகளில் அது சட்டப்படி நீங்கியது 1946இல். இத்தாலி 1935இல் எத்தியோப்பியாவுக்குள் கடுகு வாயுவோடு நுழைந்தபோது சொன்ன காரணங்களில் ஒன்றும் அடிமை ஒழிப்புதான். ஒரு வாதம் உண்மையான ஒரு கொடுமையைச் சுட்டிக்காட்டலாம், அதே நேரத்தில் இன்னொரு கொடுமைக்கு வாசலாகவும் இருக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாக நான் என் வகுப்பில் சொன்னதில்லை.

ரயில்பாதையைப் பற்றிய பகுதி சுருக்கமாகவும் நன்றாகவும் இருந்தது. மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கரை வரை 1896க்கும் 1901க்கும் இடையே போட்ட பாதையில் இந்தியாவிலிருந்து கொண்டுபோன சுமார் 32,000 தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். ஏறக்குறைய 2,500 பேர் திரும்பவில்லை. பிரெஞ்சு காங்கோவில் 1921 முதல் 1934 வரை போட்ட பாதையில் கட்டாயமாகப் பிடித்து வரப்பட்டவர்களில் குறைந்தது 17,000 பேர் இறந்தார்கள். பாதைகள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று விரலால் தொட்டுக் காட்டினார்: சுரங்கத்திலிருந்து துறைமுகம், தோட்டத்திலிருந்து துறைமுகம். ஊரும் ஊரும் சேரும் குறுக்குப் பாதைகள் அரிது. கல்வியைப் பற்றியும் ஓர் எண்ணைச் சொன்னார். பெல்ஜியக் காங்கோவில் மிஷனரிகள் நடத்திய தொடக்கப் பள்ளிகள் ஏராளம், அந்த வகையில் அது பல காலனிகளை முந்தியது. ஆனால் 1960 ஜூன் 30ஆம் நாள் நாடு விடுதலையடைந்தபோது பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற காங்கோ நாட்டவர் முப்பது பேரைத் தாண்டவில்லை.

மூன்றாம் வாரம் கென்யா. குடிசை வரியைப் பணமாகக் கட்ட வேண்டும் என்ற விதி எப்படி மக்களை வெள்ளையர் தோட்டங்களுக்குத் துரத்தியது என்று விளக்கிவிட்டு, கிப்பாண்டே என்று பலகையில் எழுதினார். முதல் உலகப் போர் முடிந்தவுடன் பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஆப்பிரிக்க ஆண்கள் மீது சுமத்தப்பட்ட பதிவுச் சீட்டு அது. கைரேகை, முதலாளியின் பெயர், கூலி, வேலையை விட்டு விடுவித்த தேதி எல்லாம் அதில் இருக்கும். ஒரு சிறு தகரக் குப்பியில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். ஆட்டுக்கு மணி கட்டியதுபோல என்று மக்கள் சொன்னார்களாம். ஆசிரியர் அந்தக் குப்பியை வரைந்துகொண்டிருக்கும்போது, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் உசிலம்பட்டிப் பக்கத்துத் தம்பி ஒருவர், எட்டு வாரத்தில் அன்று ஒரு நாள்தான் வாயைத் திறந்தார்.

“சார், எங்க ஊர்லயும் ரேகைச் சட்டம்னு இருந்துச்சு. எங்க பூட்டன் ராத்திரியானா சாவடியில போய்ப் படுத்துக்கிட்டு ஆஜர் குடுக்கணுமாம். வெளியூர் போகணும்னா சீட்டு வாங்கணுமாம்.”

வகுப்பு அமைதியாகிவிட்டது. ஆசிரியர் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, “சொல்லுங்க தம்பி, முழுசாச் சொல்லுங்க” என்றார். அவர் பெருங்காமநல்லூரைச் சொன்னார். சில சமூகங்களையே குற்றவாளிகளாக அறிவித்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் ரேகை பதிய மறுத்த ஊர்மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்ததை, அந்த ஊரின் நினைவுத்தூண் அருகில் நின்று வளர்ந்தவர் சொல்லும் விதத்தில் சொன்னார். ஆசிரியர் பலகையில் அந்தத் தேதியை எழுதி, அதற்குக் கீழே 1922 மார்ச் 16 என்று எழுதினார். நைரோபியில், கிப்பாண்டேயையும் வரியையும் எதிர்த்துப் பேசிய ஹாரி துக்குவைச் சிறையில் அடைத்ததற்காகக் கூடிய கூட்டத்தின் மீது சுட்ட நாள். அரசுக் கணக்குப்படியே இருபத்தொரு பேர் இறந்தார்கள். தயங்கி நின்ற ஆண்களைக் கடிந்துகொண்டு கூட்டத்தை முன்னே நடத்திய மேரி ஞாஞ்சிரு என்ற பெண் முதலில் விழுந்தவர்களில் ஒருவர். கைரேகையை வகைப்படுத்தும் முறையே 1890களில் வங்காளக் காவல்துறையில் உருவாகி, அங்கிருந்து உலகமெங்கும் போனது என்றும், 1906இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் காந்தி எதிர்த்து நின்ற சட்டத்திலும் இந்தியர் கைரேகை பதிய வேண்டும் என்ற விதிதான் உறுத்தியது என்றும் சொல்லிக்கொண்டே போனார். தேநீர் இடைவேளை அன்றைக்குத் தப்பிவிட்டது, யாரும் கேட்கவில்லை. தமுக்கத்தில் காந்தி அருங்காட்சியகத்தைக் கடந்துதான் நான் ஒவ்வொரு வாரமும் ஊருக்குப் போகும் பேருந்தில் போகிறேன். அன்று மாலை அதே பேருந்தில் போகும்போது அந்த வெள்ளைக் கட்டடத்தைச் சற்று வேறு விதமாகப் பார்த்தேன்.

இதே ஆசிரியர் அடுத்த அரைமணி நேரத்தில் சறுக்கினார் என்பதையும் எழுதியாக வேண்டும். கம்பத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர், “அப்ப பென்னிகுக்கை என்ன சார் சொல்றது?” என்று கேட்டார். மதுரையைச் சுற்றிய எந்த வகுப்பிலும் காலனி ஆட்சியைப் பற்றிப் பேசினால் இந்தக் கேள்வி வராமல் போகாது. ஆசிரியர் சிரித்து, “அது உணர்ச்சிகரமான விஷயம், பரீட்சைக்கு வராது” என்று சொல்லிவிட்டு, 1950களில் கென்யாவில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து எழுந்த மௌ மௌ கிளர்ச்சிக்குத் தாவினார். எனக்கு அது பெரிய ஏமாற்றம். எங்கள் குடும்பத்து இரண்டு ஏக்கர் நஞ்சை, ஆங்கிலப் பொறியாளர் பென்னிகுக் கட்டிய முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீரில் விளைவது. தேனிப் பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர், ஜனவரி 15இல் அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். அந்த நன்றியை அறியாமை என்று நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன். அதே சமயம், வரலாற்று ஆசிரியையாக அந்த அணையின் மற்றப் பக்கங்களையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மக்கள் சாகும்போது தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்ததும் அதே அரசின் காலத்தில்தான். 1886இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை எழுதியபோது இரண்டு பக்கமும் சமபலத்தோடு உட்காரவில்லை. 1895இல் அணை முடிந்து தண்ணீர் வந்த நிலத்துக்குத் தீர்வை வந்தது. மேலே மலையில் காய்ச்சலில் செத்த கூலிகளுக்கு ஊர்ப் பெயர்கூட மிஞ்சவில்லை. மேலூருக்குத் தண்ணீர் வந்த அதே கால் நூற்றாண்டுக்குள் உசிலம்பட்டிக்கு ரேகைச் சட்டம் வந்தது. இரண்டு கோப்புகளும் ஒரே கலெக்டர் அலுவலகத்தில்தான் இருந்திருக்கும்.

இதை வகுப்பில் பேசியிருந்தால், ஆப்பிரிக்காவில் வயதானவர்கள் மிஷன் மருத்துவமனையைப் பற்றியோ பள்ளிக்கூடத்தைப் பற்றியோ ஏன் இன்னும் நல்லபடியாகப் பேசுகிறார்கள் என்பது எங்கள் மாணவர்களுக்குச் சட்டென்று விளங்கியிருக்கும். ஒரு மனிதர் செய்த நல்ல வேலைக்கு நன்றி சொல்வதும், அவரை அனுப்பிய ஆட்சிக்கு அங்கே இருக்க என்ன உரிமை என்று கேட்பதும் எங்கள் ஊரில் ஒரே வீட்டில் ஒரே திண்ணையில் நடக்கிற பேச்சு. பரீட்சைக்கு வராது என்றால் வராமல் போகட்டும்.

மாதிரித் தேர்வுகள்தான் இந்த மையத்தின் மிகப் பலவீனமான பகுதி. ‘ஆப்பிரிக்காவில் ஐரோப்பிய ஆட்சிக்குச் சொல்லப்பட்ட நியாயங்களை ஆராய்க’ என்று பதினைந்து மதிப்பெண் கேள்வி. இருநூற்றைம்பது சொல்லுக்குள், சொன்ன காரணம், நடந்தது, அக்காலத்துக் கண்டனம் என்று மூன்றாகப் பிரித்து எழுதினேன். ஐந்தரை மதிப்பெண் வந்தது. சிவப்பு மையில், ‘சமநிலையான முடிவுரை இல்லை, நன்மைகளையும் குறிப்பிடுக’ என்று குறிப்பு. திருத்துகிறவருக்கு 41ஆம் பக்கம்தான் விடைக்குறிப்பு என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. 2005 பிப்ரவரியில் பிரான்ஸ் நாடாளுமன்றம், கடல் கடந்த நாடுகளில், குறிப்பாக வட ஆப்பிரிக்காவில், பிரெஞ்சு இருப்பின் ஆக்கபூர்வமான பங்கைப் பள்ளிப் பாடங்கள் ஏற்க வேண்டும் என்று சட்டத்திலேயே ஒரு பிரிவை வைத்தது. வரலாற்று ஆசிரியர்கள் கொதித்து எழுந்ததில் அடுத்த ஆண்டே அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. பாரிஸில் எடுபடாத அந்த விதி சிம்மக்கல்லில் சிவப்பு மையில் உயிரோடு இருக்கிறது.

காலனி ஆட்சியை ஆதரித்துப் பேசுகிறவர்களின் வாதத்தைக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2017இல் அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் காலனி ஆட்சி பெரும்பாலும் நன்மையே செய்தது என்று ஓர் ஆய்விதழில் எழுதி, அதன் ஆசிரியர் குழுவில் பதினைந்து பேர் விலகி, கடைசியில் அந்தக் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. அப்படிப்பட்ட வாதத்தை வகுப்பில் வைத்து, அந்தக் காலத்து ஆட்சி இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாரால் அளக்க முடியும், ஆளப்பட்டவர்களின் சம்மதம் என்று அவர்கள் சொல்வதை எப்படிச் சோதிப்பது என்று கேள்வி கேட்கப் பழக்கினால் அது படிப்பு. இடப்பக்கம் ஏழு, வலப்பக்கம் ஏழு என்று எழுதி நடுவில் நின்றுகொள்வது படிப்பில் சேராது.

விடுபட்டவற்றில் பெரிய குறை, பாடம் 1960இல் நின்றுவிடுவதுதான். அவ்வாண்டில் மட்டும் பதினேழு நாடுகள் விடுதலையடைந்தன என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அங்கோலாவும் மொசாம்பிக்கும் 1975 வரை போர்ச்சுகலின் பிடியில் இருந்ததற்கு அரைப் பக்கம். விடுதலைக்குப் பின் வந்த கணக்குத் தீர்ப்புகள் அறவே இல்லை. கென்யாவில் 1950களின் தடுப்பு முகாம்களில் சித்திரவதைப்பட்டவர்களில் 5,228 பேருக்கு 2013இல் பிரிட்டன் 1.99 கோடி பவுண்டு கொடுக்க ஒப்புக்கொண்டது, அதுவும் மறைத்து வைத்திருந்த பழைய கோப்புகள் வழக்கில் வெளிவந்த பிறகு. 2020இல் பெல்ஜிய அரசர் காங்கோவுக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. 2021 மே மாதம் ஜெர்மனி நமீபியாவில் நடந்ததை இனப்படுகொலை என்று ஏற்று, முப்பது ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவதாகச் சொன்னது. தங்களைக் கலந்து பேசாமல் முடித்த ஒப்பந்தம் என்று ஹெரெரோ, நாமா மக்களின் தலைவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. நடப்பு நிகழ்வுகளையும் வரலாற்றையும் ஒன்றாகக் கேட்கும் தேர்வுக்கு இவை கட்டாயம் வேண்டும்.

மற்ற வசதிகளைப் பற்றி இரண்டு வரி. மின்விசிறி மூன்று, ஓடுவது இரண்டு. குடிநீர் உண்டு. பெண்களுக்குத் தனிக் கழிவறை இருக்கிறது, சுத்தமாகவும் இருக்கிறது. சித்திரைத் திருவிழா வாரத்தில் வகுப்பை ரத்து செய்து காணொளி அனுப்பினார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் சிம்மக்கல்லுக்கு வருவதை யாரும் எதிர்பார்க்க முடியாது, ஆனால் காணொளியில் பலகை தெரியவில்லை. தேர்வுத் தாள்கள் ஒரு வாரத்தில் திரும்பி வருகின்றன. புத்தகம் தேடுகிறவர்கள் நத்தம் சாலைக் கலைஞர் நூலகத்துக்குப் போய்க் குறிப்பேட்டில் இல்லாததைப் படித்துக்கொள்வது நல்லது. எங்கள் பேட்சில் ஐந்தாறு பேர் சனிக்கிழமைகளில் அங்கே கூடத் தொடங்கினோம், உசிலம்பட்டித் தம்பிதான் எல்லோருக்கும் இடம் பிடித்து வைப்பார்.

ஐந்தரை மதிப்பெண் விடையையும் 41ஆம் பக்கத்தையும் கடைசி வாரம் ஆசிரியரிடம் எடுத்துக்கொண்டு போனேன். நின்றபடியே இரண்டையும் படித்தார். மதிப்பெண்ணைக் கூட்டவில்லை, “திருத்துறது வேற ஆளுங்க டீச்சர்” என்றார். ஆனால் என் தாளைக் கீழ்க்கடைக்கு அனுப்பி ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டார். பதினைந்து நாள் கழித்து என் பழைய மாணவி ஒருத்தி புதிய பேட்சில் சேர்ந்து குறிப்பேட்டை எனக்குக் காட்டியபோது, அந்தப் பக்கத்தின் மேல் மூன்று பத்திகளாகத் தட்டச்சு செய்த தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. வரைபடம் இன்னும் சாம்பல்தான். பிலிப்பைன்ஸும் இன்னும் ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறது. எல்லாப் பிரதியிலும் ஒட்டவில்லை என்றும் கேள்விப்பட்டேன், ஆகவே சேர்கிறவர்கள் குறிப்பேட்டை வாங்கும்போதே 41ஆம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, ஒட்டுத்தாள் உள்ளதாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.